வாயை மட்டும் அசைத்தால் போதுமாம்

பணிமனையில் என் கையில் கொடுத்த அந்தக் கடிதம் அரைப் பக்கம்கூட இல்லை. அதில் என்மீது இரண்டு புகார்கள். ஒன்று, பாடச் சொன்னபோது பாடவில்லை. இரண்டு, நிறுத்தச் சொன்னபோது பாடினேன். இருபத்திரண்டு வருடமாகக் கண்டக்டர் வேலை பார்க்கிறவன் நான். நிறுத்தத்தில் வண்டி நிற்காமல் போனது, பயணியோடு வாய்ச்சண்டை, காக்கிச் சட்டையில் மேல் பட்டன் இல்லாதது என்று எத்தனையோ கடிதங்களுக்கு விளக்கம் எழுதித் தேய்ந்த கை இது. பாட்டுக்கு விளக்கம் எழுதுவது எப்படி என்று எங்கள் சங்கத்துக்காரர்களுக்கே தெரியவில்லை. படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்ததற்கும் சேர்த்து இன்னொரு கடிதம் வரும் என்றார் என்னோடு வண்டி ஓட்டிய டிரைவர் அண்ணன். இந்தக் கடிதம் எனக்கு வரக் காரணமாக இருந்த மனிதரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார். மலையில் எல்லாரும் கூப்பிடுவதுபோல முன்பாட்டுக்காரர் என்றே சொல்லிவிடுகிறேன்.

என் ஊர் சந்தவாசல். சில வருடங்களுக்கு முன் எனக்கு ஜவ்வாது மலை வண்டி கிடைத்தது. கிடைத்தது என்று நான் சொல்கிறேன். மற்ற கண்டக்டர்கள் “மாட்னான்” என்றார்கள். சாயங்காலம் மலையேறி, காவலூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் தங்கி, விடிந்ததும் கீழே இறங்குகிற வண்டி அது. பள்ளிக்கூடத்தை ஒட்டி எங்களுக்கு ஓர் அறை. டிரைவர் அண்ணன் கையோடு கொண்டு வந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, வெளிச்சம் முழுதாகப் போவதற்குள் குறட்டை விடத் தொடங்கிவிடுவார். எனக்குப் பொழுது போகாது. போனில் சிக்னல் வேண்டுமானால் ஒரு பாறைமேல் ஏறி நிற்க வேண்டும். அங்கே விளக்குகளையும் அடக்கித்தான் போடுவார்கள். பக்கத்தில் பெரிய தொலைநோக்கி வைத்து வானத்தைப் பார்க்கிறவர்களுக்கு இடைஞ்சலாகக் கூடாதாம். அப்படி ஒரு மங்கலான சாயங்காலத்தில்தான் பள்ளிக்கூட மைதானத்தில் பதினோரு ஆண்கள் வரிசையாக நின்று பாடுவதைக் கேட்டேன்.

அவர்களில் ஒருவருக்கும் பாட்டு தொழில் இல்லை. சாமை விதைக்கிறவர்கள், புளி உலுக்குகிறவர்கள், தேன் எடுக்கிற ஒருவர், டீக்கடைக்காரர் ஒருவர். வாரத்தில் இரண்டு நாள் மாடு கன்றைக் கட்டிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு வந்து நிற்பார்கள். மேளம் இல்லை, ஆர்மோனியம் இல்லை. பண்டிகைக்குப் பாடுகிறார்களா, யாராவது கூப்பிட்டால் போவார்களா என்று கேட்டேன். “எதுக்கு? நாங்க பாடறோம், அவ்ளோதான்” என்றார் தேன் எடுக்கிறவர். முன்பாட்டுக்காரர் முதல் சொல்லை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். “ஏறி வந்த மேகமே, எங்க தங்கப் போற” என்று ஒரு வரி. கடைசி எழுத்தை இழுத்து எதிர்மலையை நோக்கி விடுவார்கள். விட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். அடுத்த வரி வராது. நான் காத்திருந்தேன். ஐந்து எண்ணினேன், ஆறு எண்ணினேன். வரி மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, பாவம், மானத்தைக் காப்பாற்றுவோம் என்று கைதட்டினேன். பதினோரு தலையும் என் பக்கம் திரும்பின. அதற்குப் பிறகுதான் இரண்டாவது வரி வந்தது. அதுவும் என்னைத் திட்டுவதற்கென்றே எடுத்ததுபோல உரக்க வந்தது.

அந்த இடைவெளிதான் அவர்கள் பாட்டு. வரிக்கு வரி அது இருக்கும். எதிர்மலையில் பட்டு ஒலி திரும்பி வருவதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று நான் ஊகித்தேன். அந்தக் காலத்தில் இந்த மலைக்காட்டில் ஒருவர் காவலிருந்து பாட, அந்த மலைக்காட்டிலிருந்து இன்னொருவர் பதில் பாடியிருப்பார் என்று நானே ஒரு கதையும் கட்டி, பெருமையாக முன்பாட்டுக்காரரிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “மூச்சு வாங்க வேணாமா?” என்றார். அவ்வளவுதான் அவருடைய விளக்கம். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒல்லி. முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருக்கும். சட்டையின் கழுத்துப் பட்டனைக் கோடையிலும் போட்டிருப்பார். யாரையும் பாராட்டிப் பேசி நான் கேட்டதில்லை.

என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க எனக்கு மூன்று மாதம் ஆனது. வெட்கம்தான். நாள் முழுக்க ஊர்ப் பெயரைக் கத்துகிறவனுக்குத் தொண்டை எங்கே இருக்கும்? வீட்டில் குளிக்கும்போது முணுமுணுத்தால்கூட மகள் கதவைத் தட்டுவாள். ஆனாலும் அந்தப் பதினோரு பேர் ஒரே சமயத்தில் மூச்சை இழுக்கிறபோது என் நெஞ்சும் கூடவே விரிந்தது. அதை என்னால் அடக்க முடியவில்லை. கேட்டேவிட்டேன். “வந்து நில்லுங்க” என்றார் முன்பாட்டுக்காரர். நின்றேன். முதல் வரி முடிந்து இடைவெளி வந்தது. எனக்குச் சும்மா இருக்க வராது. வண்டியில் இரண்டு நிமிடம் சத்தம் இல்லாவிட்டால் ஏதோ கோளாறு என்று நினைக்கிற பிறவி நான். இடைவெளியில் என்னை அறியாமல் “போலாம், ரைட்” என்று சொல்லிவிட்டேன். டீக்கடைக்காரர் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். முன்பாட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. புதிதாகச் சேர்கிறவன் சாமை அறுப்பு முடிகிற வரைக்கும் வரிசையில் நிற்க வேண்டும். மூச்சை மட்டும் சேர்ந்து இழுத்துச் சேர்ந்து விட வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. அப்போதுதான் விதைப்பு நடந்துகொண்டிருந்தது.

“எனக்கு வயசு நாப்பத்தெட்டு” என்றேன்.

“சாமைக்கு அது தெரியாதுங்க” என்றார்.

அந்தச் சில மாதங்களில் நான் பட்ட கோபம் கொஞ்சமில்லை. மைதானத்துக்கு வெளியே என்னைப் பார்த்தால் “வாங்க சார், சாப்ட்டீங்களா” என்பார். வரிசையில் நின்றதும் மரியாதை போய்விடும். “மூடுய்யா வாய” என்பார். ஒரு நாள் உதடு லேசாகப் பிரிந்ததற்கு, பாட்டையே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அறைக்குத் திரும்பி, நாளைமுதல் போக மாட்டேன் என்று டிரைவர் அண்ணனிடம் சொன்னேன். “ஊமைக் கச்சேரிக்கு லீவு வேற வேணுமா” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த வாரமும் போனேன். என்னை வேண்டாம் என்று அவர்கள் சொல்லட்டும், நானாக விலக மாட்டேன் என்ற வீம்பு. ஆனால் வாயை மூடிக்கொண்டு நிற்க நிற்க, காது திறந்தது. எவர் முதலில் மூச்சு விடுகிறார், எவர் கடைசி எழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், யாருக்கு இன்று உடம்பு சரியில்லை என்பதெல்லாம் கேட்டது. கார்த்திகையில் அறுப்பு முடிந்து களத்தில் சாமையைக் குவித்த மறுநாள், வரிசையில் நின்றதும் முன்பாட்டுக்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது எனக்கே புதிய குரல். வரி முடிந்து எல்லாரோடும் சேர்ந்து வாயை மூடியபோது என் கண்ணில் தண்ணீர் நின்றது. “கத்தாத. டிக்கெட் கேக்கற மாதிரி கீது” என்றார் முன்பாட்டுக்காரர். அன்றிலிருந்து நாங்கள் பன்னிரண்டு பேர்.

அடுத்த கோடையில் மலையில் ஓர் அரசு விழா. அதை நடத்துகிற வேலையை நகரத்திலிருந்து வந்த ஒரு கம்பெனி எடுத்திருந்தது. அவர்களுடைய பொறுப்பாளர், முப்பது வயதிருக்கும், கழுத்தில் அட்டை தொங்க எங்கள் மைதானத்துக்கு வந்தார். மலைப் பாட்டு என்று ஐந்து நிமிடம் வேண்டும் என்றார். முன்பாட்டுக்காரர் யோசித்தார். எங்களில் யாரும் மேடையில் பாடியதில்லை. ஆனால் ஊர்க்காரர்கள் எல்லாரும் வருவார்கள். என் மனைவியும் மகளும் சந்தவாசலிலிருந்து வந்து கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் படபடப்பு. சரி என்றுதான் சொன்னார். உடனே பொறுப்பாளர் காரிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினார். அதில் பச்சை நிறத் துணியில் வெட்டிய இலைகள், இடுப்பில் கட்டிக்கொள்ள, தலைக்கு இறகு, முகத்துக்கு வெள்ளைச் சாயம். முன்பாட்டுக்காரர் ஓர் இலையை எடுத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“இது இன்னா மரத்து எல?” என்றார்.

“சும்மா ஒரு லுக்குக்கு சார். ஆடியன்ஸுக்குப் புடிக்கும்.”

“எங்கப்பாரு வேட்டிதான் கட்னாரு. நானும் வேட்டிதான் கட்றேன். உங்க ஆடியன்ஸு வேணும்னா இத கட்டிக்கினு வரட்டும்.”

பொறுப்பாளர் மூட்டையைத் திரும்பக் காரில் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, இவர் மலைக்காரர் மாதிரி இல்லையே என்றார். முன்பாட்டுக்காரர், “எங்க ஆளு” என்றார். நான் அந்த இரண்டு சொல்லுக்காகவே இன்னும் எத்தனை அறுப்பு வேண்டுமானாலும் வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பேன்.

விழாவுக்கு முந்தைய நாள், ஒலி சரிபார்க்க என்று சொல்லி எங்களைப் பாடவைத்துப் பதிவு செய்துகொண்டார்கள். விழா அன்று மத்தியானம், மேடைக்குப் பக்கத்தில் பந்தலுக்குள் நின்றிருந்தபோதுதான் பொறுப்பாளர் விஷயத்தைச் சொன்னார். மேடையில் நாங்கள் பாட வேண்டாம். பதிவு செய்ததைப் போடுவார்கள். “நடுவுல கேப் எல்லாம் கட் பண்ணிட்டோம் சார், செம ஸ்பீடா வந்திருக்கு. நீங்க வாயை மட்டும் அசைச்சா போதும்.” சொல்லிவிட்டு முன்பாட்டுக்காரரின் தோளைத் தட்டினார். அவர் கோபப்படுவார், மூட்டையைத் திருப்பி அனுப்பியதுபோல இதையும் அனுப்பிவிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவரோ கழுத்துப் பட்டனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஓர் அறுப்பு முழுக்க வாயைக் கட்டிப்போட்டு வாங்கிய குரல் இது. அதை ஊரே கேட்கப் போகிற முதல் நாளில் உதட்டைப் பொம்மை மாதிரி ஆட்டச் சொல்கிறான் ஒருவன், அதற்கு இவரும் வாய் திறக்காமல் நிற்கிறாரே என்று முன்பாட்டுக்காரர்மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. கேட்பதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது.

வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் பன்னிரண்டு பேரும் ஏறி நின்றோம். வரிசையின் இடது கோடியில் முன்பாட்டுக்காரர், வலது கோடியில் நான். முன்வரிசையில் அதிகாரிகள். நான்காவது வரிசையில் மகள் எழுந்து நின்று என்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கத்து ஒலிபெருக்கியிலிருந்தும் எங்கள் குரல் கிளம்பியது. மேகம் ஏறி வந்தது, எங்கே தங்கப் போகிறது என்று கேட்டது. கேட்ட வாயோடு அடுத்த வரியில் விழுந்தது, அதற்கடுத்த வரியில் விழுந்தது. பிரேக் பிடிக்காமல் மலையிறங்குகிற வண்டியில் உட்கார்ந்திருக்கிறதுபோல என் கால்கள் தரையை அழுத்தின. உதடு தானாகப் பிரியப் பார்த்தது. மகள் படம் பிடிக்கிறாளே, அதிகாரிகள் பார்க்கிறார்களே, அசைத்துவிட்டால் முடிந்தது வேலை. திரும்பி முன்பாட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என் தோளுக்குமேல் எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு வாயை இறுக மூடியிருந்தார். அவருக்கு அடுத்தவர் மூடியிருந்தார். அதற்கடுத்தவரும் மூடியிருந்தார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு மூடினேன். யாரும் யாரோடும் பேசி முடிவு செய்யவில்லை. வாயை மூடி நிற்பது எப்படி என்று எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதில் நாங்கள் எல்லாருமே ஓர் அறுப்பு முழுக்கத் தேறியவர்கள்.

ஒலிபெருக்கியில் பன்னிரண்டு பேர் பாடுகிறார்கள், மேடையில் பன்னிரண்டு பேர் உதட்டைப் பூட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கூட்டத்தில் முதலில் ஒரு சிரிப்பு, பிறகு சலசலப்பு. மேடை ஓரத்திலிருந்து பொறுப்பாளர் கெண்டை மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக் காட்டினார். கும்பிட்டார். கடைசியில் யாரையோ பார்த்து, நிறுத்து என்று கையால் வெட்டிக் காட்டினார். பாட்டு பாதியில் நின்றது. அறிவிப்பாளர் மைக்கை எடுப்பதற்குள் முன்பாட்டுக்காரர் முதல் சொல்லை எடுத்தார், மைக் இல்லாமல். நாங்கள் சேர்ந்தோம். வரி முடிந்தது, மூடினோம். இடைவெளியில் அறிவிப்பாளர் “அருமை, நன்றி” என்றார். இரண்டாவது வரியை எடுத்தோம். அது முடிந்ததும் அவர் மறுபடியும் நன்றி சொன்னார். மூன்றாவது வரியை எடுத்தோம். பொறுப்பாளர் நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டியதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று எங்கேயும் பொய் சொல்ல மாட்டேன். மூன்றாவது இடைவெளியில் யாரும் பேசவில்லை. ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குமேல் பாட்டு எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது. கடைசி வரி வரைக்கும் பாடிவிட்டு இறங்கினோம். எங்களுக்கு முன்னால் ஆடியவர்களுக்கெல்லாம் சால்வை போட்டார்கள். எங்களுக்குப் போடவில்லை.

“மொதல்ல உங்களுக்குப் பாட்டு மறந்துபோச்சின்னு நெனச்சேன்” என்றாள் மனைவி. “அப்புறம் பன்னெண்டு பேருக்குமா மறக்கும்னு தோணுச்சி.”

மற்றவர்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. காட்டுக்கும் புளியமரத்துக்கும் மேலதிகாரி கிடையாது. அரசு வேலையில் இருந்தவன் நான் ஒருவன்தான். அதனால்தான் அந்தக் கடிதம் என்னைத் தேடி வந்தது. பணிமனை மேலாளர் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, “தப்பு நடந்துபோச்சு, இனிமே இந்த மாதிரி பாட்டு கீட்டு எதுலயும் கலந்துக்க மாட்டேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. மூடிடலாம். உங்க மலை வண்டியும் உங்களுக்கே இருக்கும்” என்றார். எழுதாவிட்டால் வண்டி மாறும். மாறினால் மலைக்கு எப்படிப் போவேன்? எழுதிக் கொடுத்தால் மலைக்குப் போவேன், அங்கே போய் என்ன செய்வேன்? ஒரு வாரம் தவணை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் முன்பாட்டுக்காரர் வீட்டு வாசலில் புளியை அடித்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எழுதாதே, உன்னை விட மாட்டோம் என்று சொல்வார் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை. கையை நிறுத்தாமல் கேட்டார்.

“எழுதிக் குடுத்துட்டு வண்டில வாங்க. ஆனா கிரவுண்டுக்கு வராதீங்க” என்றார். “நீங்க இல்லன்னாலும் நாங்க பாடுவோம்.”

எனக்குச் சுருக்கென்றது. எழுந்துவிட்டேன். இரண்டடி போயிருப்பேன்.

“அன்னிக்கி நான் மலையப் பாக்கல” என்றார் பின்னாலிருந்து. “உன் வாயத்தான் பாத்துனு இருந்தேன். இவனுங்க பத்து பேரும் ஆட்ட மாட்டானுங்க, தெரியும். நீ ஆட்டிடுவன்னு நெனச்சேன்.”

நான் திரும்பினேன். அவர் புளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆட்டல” என்றார்.

மைதானத்துக்கு வெளியே அவர் என்னை நீ என்று பேசியது அன்று ஒரு தடவைதான். காலையில் மலையிறங்கும்போது டிரைவர் அண்ணனிடம் பேனா வாங்கி, மடியில் டிக்கெட் மிஷினை வைத்து அதன்மேல் தாளை வைத்து எழுதினேன். வளைவுக்கு வளைவு எழுத்து கோணிக்கொண்டு போனது. “ஒலிப்பதிவுக்கு வாயசைக்கவில்லை. என் வாயால் பாடினேன். இனியும் பாடுவேன்.” மேலாளர் இரண்டு தடவை படித்தார். கடைசி வரியை மட்டுமாவது எடுத்துவிடலாமே என்றார். அது இருந்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். மறுவாரமே கலசப்பாக்கம் பக்கம் ஓடுகிற வண்டிக்கு என்னை மாற்றினார்கள். வெயில், நெல் மூட்டை, சந்தைக் கூட்டம். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். முதல் மாதம் மலை தெரிகிற பக்கம் நான் திரும்பவே இல்லை.

இப்போது வாராந்தர ஓய்வு நாளில் மலைக்குப் போகிறேன். போன வாரம் என் பழைய வண்டியில் புதுக் கண்டக்டர், சின்ன வயசு. ஓய்வு நாளில் மலையேறுகிற என்னைப் பார்த்து, “அங்க எதுனா சொந்தக்காரங்க வூடா சார்?” என்றான். இல்லை, பாடப் போகிறேன் என்றேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்தான். டிரைவர் அண்ணன் முன்னாலிருந்து நடந்த கதையை அவனுக்கு உரக்கச் சொன்னார், வண்டியே கேட்டது. பையனுக்கு மனம் பொறுக்கவில்லை.

“இந்த வண்டிய விட்டுட்டு, பாடி இன்னா சார் ஆவப் போவுது?”

“ஒண்ணும் ஆவாது” என்றேன். “பாடுவேன்.”